பல்கலைக்கழக நூலகத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஆய்வுக்கு அழைத்துப் போக ஆறு வாரத் தயாரிப்பு

காலை பத்து மணிக்கு உள்ளே போய் மாலை மூன்றரைக்கு வெளியே வந்தால், பதிவும் பை ஒப்படைப்பும் சாப்பாடும் போக, பிள்ளைகளுக்கு நூலகத்தில் உருப்படியாகக் கிடைப்பது மூன்றரை மணி நேரம்தான். "எந்தப் புத்தகத்தை எடுக்கலாம்" என்ற யோசனையை அந்த நேரத்தில் தொடங்குகிற பிள்ளை, அலமாரிகளை வேடிக்கை பார்த்துவிட்டு, கணினி முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடும். தன் கேள்வியையும் தனக்கு வேண்டிய புத்தகத்தின் அழைப்பெண்ணையும் (புத்தகம் அலமாரியில் எங்கே இருக்கிறது என்று காட்டும் எண்) தாளில் எழுதிக்கொண்டு வாசலில் நுழைகிற பிள்ளைதான் ஏதாவது கண்டுபிடிக்கும். அதனால் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி பேருந்து கிளம்புவதற்கு முந்தைய ஆறு வாரங்களைப் பற்றியது. வாரங்களைப் பயண நாளிலிருந்து பின்னோக்கி எண்ணியிருக்கிறோம்.

பொதுவாகச் சொன்னால் எல்லாம் காற்றில் நிற்கும் என்பதால் ஒரே எடுத்துக்காட்டைக் கடைசிவரை பிடித்துக்கொள்வோம். சென்னையிலோ பக்கத்து மாவட்டங்களிலோ உள்ள ஒரு பள்ளியின் பதினொன்றாம் வகுப்பு. 24 பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள். பொருள்: 1876–78-ல் சென்னை மாகாணத்தை உலுக்கிய பஞ்சம், நம் பாட்டிகள் வாயில் தாது வருஷப் பஞ்சம். இடம்: சேப்பாக்கத்தில் உள்ள சென்னைப் பல்கலைக்கழக நூலகம். 1857-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-ல் அதன் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். அங்கே வேலை பார்த்தபோதுதான் நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கும் கோலன் பகுப்புமுறையை உருவாக்கி 1933-ல் வெளியிட்டார். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் வேறு பல்கலைக்கழகம் இருந்தாலும், பொருள் வேறாக இருந்தாலும், படிகள் இவைதான்.

ஆறாவது வாரம்: அனுமதிக் கடிதம்

பல்கலைக்கழக நூலகம் பொது நூலகம் அல்ல. அது தன் மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் உரியது. பள்ளிப் பிள்ளைகளை உள்ளே விடுவது நூலகர் காட்டும் தயவு என்ற நினைப்போடு கடிதம் எழுதுங்கள். தலைமையாசிரியர் கையொப்பத்தோடு நூலகருக்கு நேரடியாகப் போக வேண்டும். "எங்கள் மாணவர்கள் தங்கள் நூலகத்தைப் பார்வையிட விரும்புகிறார்கள்" என்று எழுதினால் பதிலும் அதற்கேற்ப அரை மணி நேரச் சுற்றிக்காட்டலாகத்தான் வரும். "பார்வையிட" என்ற சொல்லே வேண்டாம்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு, உடன் வரும் ஆசிரியர்கள் யார், வர விரும்பும் மூன்று மாற்றுத் தேதிகள், ஆய்வுப் பொருள், உட்கார எத்தனை இருக்கை வேண்டும், பொறுப்பாசிரியரின் கைபேசி எண். அதோடு "கேட்க விரும்பும் நூல்களின் பட்டியலை இரண்டு வாரம் முன்னதாக அனுப்பிவைப்போம்" என்று ஒரு வரி சேருங்கள். இந்தப் பள்ளி வேலை செய்ய வருகிறது என்று நூலகருக்குப் புரிய வைக்கிற வரி அது.

தேதி குறிக்கும்போது பல்கலைக்கழகத் தேர்வு மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். அந்த நாட்களில் ஒரு நாற்காலிகூடக் காலியாக இருக்காது. 24 சீருடைகள் உள்ளே நுழைந்தால் படித்துக்கொண்டிருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், அது நியாயமும்தான். சனிக்கிழமை நூலகம் திறந்திருந்தாலும் அடுக்கிலிருந்து நூல் எடுத்துத் தரும் ஊழியர் இருப்பாரா என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பெற்றோர் ஒப்புதல் கடிதம், கல்வித்துறை அனுமதி தேவைப்படும் பள்ளிகளுக்கு அந்த விண்ணப்பம், இரண்டும் இதே வாரத்தில் ஓடத் தொடங்கட்டும்.

பொறுப்பாசிரியர் ஒரு நாள் முன்கூட்டியே தனியாகப் போய் வர வேண்டும். பை எங்கே வைப்பது, கழிவறை எங்கே, சாப்பிட அனுமதித்த இடம் எது, சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் உண்டா, ஜெராக்ஸ் பிரிவு எத்தனை மணிக்கு மூடும், கைபேசியில் படம் எடுக்கலாமா. இந்த ஆறு கேள்விக்கும் நேரில் பார்த்துத்தான் பதில் தெரிந்துகொள்ள முடியும்.

ஐந்தாவது வாரம்: பொருளிலிருந்து கேள்விக்கு

"தாது வருஷப் பஞ்சம்" என்பது பொருள். அதை வைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனால் பிள்ளை முதலில் கிடைக்கும் புத்தகத்தின் முன்னுரையை எழுதிக்கொண்டு வரும். பதிலைத் தேடிப் போகக்கூடிய கேள்வியாக அதை மாற்ற வேண்டும். ஊர், காலம், யார், எவ்வளவு என்று நான்கு கயிறு கட்டினால் பொருள் கேள்வியாக இறங்கிவிடும்:

1877-ல் நிவாரண வேலைக்கு (பஞ்சத்தில் பிழைக்க அரசு கூலி கொடுத்துத் தந்த வேலை) போன ஒருவருக்கு நாள் கூலி என்ன? அதற்கு எவ்வளவு தானியம் கிடைத்தது?

1871, 1881 கணக்கெடுப்புகளுக்கு இடையில் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை எவ்வளவு குறைந்தது?

சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாயின் எந்தப் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது?

பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் தானிய விலை எப்படி மாறியது?

பஞ்ச ஆண்டுகளில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் எத்தனை பேர்?

பஞ்சத்தைப் பாடிய கும்மிப் பாட்டுகள் எதைப் பற்றி அதிகம் பேசுகின்றன?

ஆறு கேள்விகள், இருவர் இருவராகப் பன்னிரண்டு இணைகள். ஒரு கேள்விக்கு இரண்டு இணைகள், ஒன்றையொன்று கேட்காமல் தனித்தனியாகத் தேட வேண்டும். திரும்பி வந்ததும் இரண்டு விடைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எண் வேறாக வந்தால் யார் தவறு என்று தேடுகிறபோதுதான் பிள்ளைகள் ஆய்வு என்றால் என்ன என்று உணர்வார்கள்.

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சோதனை வைத்துப் பாருங்கள்: வீட்டில் கைபேசியில் ஐந்து நிமிடத்தில் பதில் கிடைத்துவிடுமா? கிடைத்தால் அதற்காக நூலகம் போக வேண்டாம். "பஞ்சம் எந்த ஆண்டு வந்தது" என்பது அப்படிப்பட்ட கேள்வி.

இன்னொரு சோதனையும் உண்டு. இதற்கான பதில் நூலகத்தில் இருக்குமா, ஆவணக் காப்பகத்தில் இருக்குமா? அச்சான அறிக்கை, மாவட்டக் கையேடு, கணக்கெடுப்புத் தொகுதி ஆகியவற்றை நூலகத்தில் தேடலாம். வருவாய்த்துறையின் அன்றைய அரசாணைகளும் கோப்புகளும் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. "கலெக்டர் எழுதிய கடிதம் வேண்டும்" என்று கேட்கும் பிள்ளையை நூலகத்துக்கு அனுப்பினால் வெறுங்கையோடுதான் வரும்.

நான்காவது வாரம்: வீட்டிலிருந்தே முன்வாசிப்பு

பொருளே தெரியாமல் பழைய அறிக்கையைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே கண் கட்டிவிடும். எனவே இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதை இந்த வாரமே படிக்கச் சொல்லுங்கள். வில்லியம் டிக்பி 1878-ல் இரண்டு தொகுதிகளாக எழுதிய தென்னிந்தியப் பஞ்ச வரலாறு இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் முழுதாக இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் அச்சு நூல்களும், சோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளும் கிடைக்கின்றன. ஆய்வேட்டை முழுக்கப் படிக்க வேண்டாம். அதன் கடைசியில் உள்ள நூற்பட்டியலை மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஒருவர் பல ஆண்டு உழைத்துச் சேர்த்த வழித்தடம் அது. எந்த நூலைக் கேட்பது என்ற பாதித் தேடல் அங்கேயே முடிந்துவிடும்.

இந்த வாரத்திலேயே ஒரு காலவரிசைத் தாளைத் தயாரித்துச் சுவரில் ஒட்டுங்கள். எந்தச் சான்று எப்போது பிறந்தது என்று அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்றால், பஞ்சத்தைப் பற்றிச் சுதேசமித்திரன் என்ன எழுதியது என்று பிள்ளைகள் கேட்பார்கள். சுதேசமித்திரன் 1882-ல்தான் தொடங்கியது. தி இந்து 1878 செப்டம்பரில் வாரப் பத்திரிகையாகத் தொடங்கியபோது பஞ்சத்தின் கொடுமையான காலம் முடிந்துவிட்டது. 1877-ல் நடந்துகொண்டிருந்த ஆங்கிலப் பத்திரிகைகள் மெட்ராஸ் டைம்ஸ், மெட்ராஸ் மெயில் போன்றவை. டிக்பியே மெட்ராஸ் டைம்ஸ் ஆசிரியராக இருந்தவர்தான். இல்லாத இதழைத் தேடி ஒரு மணி நேரம் வீணாவதை ஒரு சுவர்த்தாள் தடுத்துவிடும்.

மூன்றாவது வாரம்: தேடுபட்டியும் அழைப்பெண்ணும்

பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், இரண்டு முழுப் பாடவேளை ஒதுக்குங்கள்.

நூலகத்தின் கணினித் தேடுபட்டியை ஓபேக் என்பார்கள். கூகுளில் பழகிய பிள்ளை அதில் முழு வாக்கியத்தைத் தட்டி, ஒன்றும் வராததைப் பார்த்து, "இந்த நூலகத்தில் புத்தகமே இல்லை" என்று முடிவு கட்டிவிடும். ஓபேக் நூலின் உள்ளே தேடாது. நூலைப் பற்றிப் பதிவு செய்த நாலைந்து வரிகளில் மட்டுமே தேடும். ஆகவே ஒரு சொல், அதிகம் போனால் இரண்டு சொல் போதும். ஒரு நல்ல நூல் கிடைத்ததும் அதன் பதிவில் "பொருள்" என்ற வரியில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து, அதையே சொடுக்கினால் அதே பொருளில் உள்ள மற்ற நூல்கள் வரிசையாக வந்து நிற்கும். இதை நூலகர்கள் தினமும் செய்கிறார்கள், பள்ளியில் யாரும் சொல்லித் தருவதில்லை.

எழுத்துக்கூட்டல் அடுத்த சங்கடம். 1870-களின் நூல்களில் தஞ்சாவூர் இல்லை, டாஞ்சூர்தான். திருச்சிராப்பள்ளி ட்ரிச்சினோபொலி, திருநெல்வேலி டின்னவெல்லி, மதுரை மதுரா, செங்கல்பட்டு சிங்கிள்புட். ஒரு பழைய மாவட்ட வரைபடத்தைப் பார்த்து இந்தப் பெயர்களை ஆங்கில எழுத்தில் அட்டையில் எழுதி ஒவ்வொரு இணைக்கும் கொடுத்துவிடுங்கள்.

தமிழ் நூல்களுக்கு வேறொரு தொல்லை. பல நூலகங்களில் தமிழ்த் தலைப்புகளை ஆங்கில எழுத்தில் ஏற்றியிருப்பார்கள், அதுவும் நாம் கைபேசியில் தட்டுகிற மாதிரி அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி பின்பற்றிய முறையைச் சேர்ந்த எழுத்துப்பெயர்ப்பில் "பஞ்சம்" என்பதன் நடுவில் ஜே வராது, சி வரும். "தாது" என்பதில் ஹெச் வராது, இரண்டு இடத்திலும் வெறும் டி (t). பிள்ளை ஹெச் போட்டுத் தேடினால் நூல் அலமாரியில் இருந்தும் திரையில் வராது. தமிழ் எழுத்தில் ஒரு முறை, பேச்சுவழக்கு ஆங்கில எழுத்தில் ஒரு முறை, பேரகராதி முறையில் ஒரு முறை என்று மூன்று தடவை தேடாமல் "இல்லை" என்று எழுதக் கூடாது. இதை வகுப்பின் சட்டமாகவே வைத்துவிடுங்கள்.

அடுத்தது அழைப்பெண். நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் தூயி தசமப் பகுப்பைப் பின்பற்றும் நூலகத்தில் 954 இந்திய வரலாறு, 954.82 தமிழ்நாடு, 894.811 தமிழ் இலக்கியம். அலமாரியில் எண்கள் தசம முறையில் அடுக்கப்படும், முழு எண் போல அல்ல. 954.9-க்கும் 954.82-க்கும் எது முதலில் என்று கேளுங்கள். வகுப்பில் பாதிப் பேர் "9 சின்னது, 82 பெரியது, அதனால் 954.9 முதலில்" என்பார்கள். தவறு. புள்ளிக்கு அடுத்த முதல் இலக்கத்தைப் பாருங்கள்: 8-க்குப் பிறகுதான் 9. ஆக 954, 954.03, 954.8, 954.82, 954.9 என்ற வரிசை. பத்துச் சீட்டுகளில் பத்து எண் எழுதி, கயிறு கட்டி, துணி உலர்த்தும் கவ்வியால் பிள்ளைகளை மாட்டச் சொல்லுங்கள். பத்து நிமிட விளையாட்டு, அலமாரி முன் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஒரே பொருள் ஒரே அலமாரியில் இருக்காது என்பதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். பஞ்சம் என்றால் வரலாற்று அலமாரி என்று பிள்ளைகள் போய் நிற்பார்கள். உணவு வழங்கலும் பஞ்சமும் 363.8, கூலி 331.2, மக்கள்தொகை 304.6, கால்வாய்ப் போக்குவரத்து 386. கேள்வி எதுவோ அதற்கேற்ற எண்ணுக்குப் போக வேண்டும்.

கோலன் முறையில் அடுக்கிய நூல்கள் இருந்தால் பயந்துவிட வேண்டாம். எழுத்தும் எண்ணும் குறியும் கலந்து வரும். வரலாறு ஆங்கில எழுத்து 'வி'. இந்தியாவின் எண் 44. எனவே இந்திய வரலாறு வி44. இலக்கியம் 'ஓ', தமிழ் 31. எனவே தமிழ் இலக்கியம் ஓ31. அதற்குக் கீழே நூலெண்ணில் (ஒரே பொருளில் உள்ள நூல்களைப் பிரித்துக் காட்டும் எண்) ஜே7 என்று இருந்தால் அது 1957-ல் வந்த நூல்: ஜே என்பது 1950-கள், 7 என்பது அதன் ஏழாம் ஆண்டு. ரங்கநாதன் நூலின் முதுகிலேயே அதன் வயதை எழுதி வைத்துவிட்டார்! பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் கண் விரிவதைப் பார்க்கலாம்.

இரண்டாவது வாரம்: நூல் பட்டியல், குறிப்பட்டை

ஒரு இணைக்கு ஐந்து நூல் தேர்ந்தெடுக்கட்டும். மூன்று கட்டாயம், இரண்டு மாற்று. கேட்டதில் சில பைண்டிங்குக்குப் போயிருக்கும், சில யாரிடமாவது இருக்கும், சில தொடக்கூடாத நிலையில் இருக்கும், அதனால்தான் மாற்று. ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, தொகுதி எண், அழைப்பெண் ஐந்தும் வேண்டும். பன்னிரண்டு இணைகளின் பட்டியலையும் ஒன்றாக்கி, ஒரே நூலைப் பலர் கேட்டிருந்தால் நேரம் பிரித்துக் கொடுத்து, நூலகருக்கு அனுப்பிவிடுங்கள். தொகுதி எண் இல்லாமல் "1881 சென்சஸ்" என்று மட்டும் எழுதினால் எந்தத் தொகுதியை எடுப்பது என்று ஊழியர் திகைத்து நிற்பார். கோரிக்கைச் சீட்டின் மாதிரி ஒன்றை முன்பே வாங்கி வந்து, ஒரு நூலுக்கு ஒரு சீட்டு என்று வகுப்பிலேயே நிரப்பி வைத்துக்கொள்ளலாம்.

குறிப்பெடுப்பதற்கு நோட்டுப் புத்தகம் வேண்டாம், அட்டை வேண்டும். அஞ்சலட்டை அளவு, ஒரு பிள்ளைக்கு இருபது. ஒரு அட்டையில் ஒரே ஒரு செய்தி. நிரப்பிய அட்டை இப்படி இருக்கும்:

மேல் இடது மூலையில்: கூலி. மேல் வலது மூலையில்: டிக்பி, 1878, தொகுதி, பக்கம் (இந்த இரண்டு எண்ணையும் முதலில் எழுதிவிட்டுத்தான் செய்தியை எழுத வேண்டும்). நடுவில், நூலில் உள்ளதை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறிக்குள். தன் சொல்லில் எழுதினால் குறி இல்லாமல். அடியில் ஒரு கோடு போட்டு, அதன் கீழே "என் சந்தேகம்": பெண்களுக்கும் இதே கூலியா?

மேற்கோள் குறியை விட்டுவிடுவதுதான் பின்னால் பெரிய வினையாகிறது. இரண்டு வாரம் கழித்து அந்த வரி தன்னுடையதா நூலாசிரியருடையதா என்று பிள்ளைக்கே தெரியாது, அப்படியே கட்டுரைக்குள் போய்விடும். வேண்டுமென்று திருடுகிற பிள்ளை குறைவு, அட்டையில் குறி போடாத பிள்ளைதான் அதிகம்.

பழைய எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்வது

இதற்குத் தனி வகுப்பு வேண்டும். சொல்லித்தராமல் அனுப்பினால் சரியான பக்கத்தைக் கண்டுபிடித்தும் தவறான விடையோடு வருவார்கள்.

ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 பை. ஒரு பவுண்டு 454 கிராம். இவை எளிது.

விலைப் பட்டியலில் இருக்கும் பொறி வேறு. அதில் வரும் சேர், தோலா எல்லாம் பழைய எடை அளவுகள். அன்றைய அட்டவணைகள் "ஒரு சேர் இவ்வளவு ரூபாய்" என்று சொல்வதில்லை, "ஒரு ரூபாய்க்கு இவ்வளவு சேர்" என்று சொல்லும். எனவே எண் குறைந்தால் விலை ஏறியிருக்கிறது என்று பொருள். 16 சேர் 8 சேரானால் விலை இரண்டு மடங்கு. இதைக் கவனிக்காத பிள்ளை வரைபடம் போட்டால் பஞ்சத்தில் விலை சரிந்துவிட்டதாகக் காட்டும்.

அடுத்து, எந்தச் சேர்? அரசாங்கத்தின் 80 தோலா சேர் ஏறக்குறைய 933 கிராம். சென்னைப் பக்கத்துச் சேர் 24 தோலாதான், சுமார் 280 கிராம். அதில் ஐந்து சேர்ந்தால் ஒரு வீசை. பயிற்சிக்கு ஒரு கணக்கு: ரூபாய்க்கு 8 சேர் என்றால் ஓர் அணாவுக்கு எவ்வளவு தானியம்? பெரிய சேரில் 466 கிராம், சின்னச் சேரில் 140 கிராம். ஒன்று ஒருவேளைச் சோற்றுக்கு மேல், மற்றது ஒரு கைப்பிடி. எந்தச் சேர் என்று அட்டவணையின் தலைப்பிலோ அடிக்குறிப்பிலோ தேடிப் பார்க்காமல் எண்ணை மட்டும் எழுதக் கூடாது.

ஊர் எல்லையும் அப்படியே. 1871-ல் சேலம் மாவட்டத்தில் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர், 1881-ல் சுமார் 16 லட்சம். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளும் அன்றைய சேலத்துக்குள் அடக்கம். மேலும், குறைந்த மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களும் பட்டினியால் செத்தவர்கள் என்று எழுதிவிடக் கூடாது. ஊரை விட்டுப் போனவர்களும், பஞ்சத்தால் பிறக்காமல் போன குழந்தைகளும் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள். பத்தாண்டில் இயல்பாகக் கூடியிருக்க வேண்டியதும் சேர்ந்து மறைந்திருக்கிறது. பஞ்சச் சாவு பற்றிய மொத்த எண்ணிக்கைகளும் இப்படித்தான் விலகி நிற்கின்றன: பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியை மட்டும் எடுத்தால் 55 லட்சம் அளவில் ஒரு கணக்கு, மைசூர், ஐதராபாத் சமஸ்தானங்களைச் சேர்த்தால் 80 லட்சத்தைத் தாண்டும் கணக்கு. "எது சரி" என்று கேட்பதற்கு முன் "எந்த நிலப்பரப்புக்கு" என்று கேட்கப் பழக்குங்கள்.

சான்றுகள் மோதுவதைக் காட்ட இதைவிடக் கூர்மையான இடம் கிடைக்காது: 1877 ஜனவரியில் வைஸ்ராயால் அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கான காசும் ஓர் அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியமும் பருப்பு, காய்கறியும் இல்லாமல் உடலுழைப்பாளி பிழைக்க மாட்டான் என்று எதிர்த்தார். 1871 கணக்கெடுப்பு அறிக்கையை எழுதியதும் இதே கார்னிஷ்தான். இருவரும் அரசாங்க அதிகாரிகள், இருவர் எழுத்தும் அச்சில் இருக்கிறது. ஒருவரை மட்டும் படித்த இணையும் இருவரையும் படித்த இணையும் திரும்பி வந்து பேசும்போது வகுப்பு வேறு மாதிரி சூடு பிடிக்கும்.

கடைசி வாரம்: கையும் தாளும்

1870-களின் தாள்களில் பல இன்று அப்பளம் போல் நொறுங்கும். மரக்கூழில் செய்த தாளில் தங்கிய அமிலம் உள்ளிருந்தே அரித்துக்கொண்டிருக்கிறது. அதனால் நூலை 180 பாகைக்கு விரித்து அழுத்தக் கூடாது, இரண்டு பக்கமும் வேறு புத்தகத்தையோ நுரை மெத்தையையோ முட்டுக் கொடுக்க வேண்டும். பக்கத்தை மேல் மூலையில் விரல் நுனியால் தூக்கித் திருப்ப வேண்டும். விரலை நாக்கில் தொட்டுத் திருப்புகிற வழக்கம் நம்மில் பலருக்கும் உண்டு. பிள்ளைகளும் அதையே செய்வார்கள். ஒரு வாரம் முன்பிருந்தே வகுப்பில் கண்காணித்து நிறுத்துங்கள். அன்று காலை தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்தால் கை அடிக்கடி தலைக்குப் போய் எண்ணெய்க் கறை பக்கத்துக்கு வரும். சாப்பிட்டதும் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த பிறகே மறுபடி நூலைத் தொட வேண்டும்.

பேனா வேண்டவே வேண்டாம். மை பட்டால் பட்டதுதான். எச்.பி. பென்சில் இரண்டு, ஏற்கெனவே சீவியது. பக்க அடையாளத்துக்கு வெள்ளைத் தாள் கீற்றுகள். பசைத்தாள் ஒட்டினால் எடுக்கும்போது எழுத்தும் கூட வரும். பள்ளி அடையாள அட்டை, குறிப்பட்டைகள், நிரப்பிய கோரிக்கைச் சீட்டுகள், நூல் பட்டியலின் நகல். உள்ளே போக இவ்வளவுதான். தண்ணீர் பாட்டிலும் பையும் வெளியே.

அந்த நாள்

10:00 பதிவு, பை ஒப்படைப்பு. 10:15 முதல் 10:45 வரை நூலக ஊழியர் இடத்தைக் காட்டுவார், அதற்கு மேல் நீட்ட விடாதீர்கள். 10:45 முதல் 12:45 வரை முதல் அமர்வு. கடினமான நூல்களை இந்த இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட வேண்டும், சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகும். 1:30 முதல் 3:00 வரை இரண்டாம் அமர்வு. ஜெராக்ஸ் வேண்டுமென்றால் 2:30-க்குள் கேட்டுவிடுங்கள். நொறுங்கும் நூலுக்குக் கேட்கவே வேண்டாம்.

ஒரு ஆசிரியருக்கு எட்டுப் பிள்ளைகள். ஆசிரியரின் வேலை பதில் தேடித் தருவது அல்ல. அரை மணிக்கு ஒரு முறை மேசைக்கு மேசை போய் இரண்டே கேள்வி: "பக்க எண் எழுதினாயா?" "உன் கேள்வி என்ன?" இரண்டாவது கேள்விக்குத் திணறுகிற பிள்ளை வழி தவறிவிட்டது என்று அர்த்தம். சுவாரசியமான வேறெதையோ படித்துக்கொண்டிருக்கும். அது குற்றமில்லை, அதையும் ஒரு அட்டையில் எழுதச் சொல்லிவிட்டுக் கேள்விக்குத் திருப்புங்கள்.

நூலில் பதில் இல்லை என்று தெரிந்தால் அதுவும் ஒரு குறிப்பு. "இன்ன நூலில் இன்ன அதிகாரத்தைப் பார்த்தேன், இலங்கைக்குப் போனவர் கணக்கு மாவட்டவாரியாக இல்லை" என்று எழுதிய அட்டை, அடுத்த ஆண்டு வரும் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரத்தைத் தரும். எடுத்த நூலை யாரும் தாமாக அலமாரியில் திருப்பி வைக்கக் கூடாது. மேசையில் விட்டுவிட வேண்டும். இடம் மாறி வைத்த நூல், அடுத்த முறை அலமாரி சரிபார்க்கும்வரை தொலைந்த நூல்தான்.

3:00 முதல் 3:30 வரை நூல்களை எண்ணி ஒப்படைப்பது. சீட்டின் எண்ணிக்கையும் நூலின் எண்ணிக்கையும் சரியாக இருந்ததும் பொறுப்பாசிரியர் கையொப்பமிட்டு வெளியே வரலாம்.

திரும்பி வந்த பிறகு

அட்டை பேசுவது இரண்டு நாள்தான். மறுநாளே இரண்டு பாடவேளை எடுத்து, ஒரே கேள்விக்குப் போன இரண்டு இணைகளையும் எதிரெதிரே உட்காரவைத்து அட்டைகளை ஒப்பிடச் சொல்லுங்கள். எண் ஒத்துப்போகாத இடத்தில் நூல், தொகுதி, பக்கம், அளவை என்று இந்த வரிசையில் சரிபார்க்க வேண்டும். பக்க எண் இல்லாத அட்டை கட்டுரைக்குள் வரக் கூடாது, எவ்வளவு அருமையான செய்தியாக இருந்தாலும் சரி. கட்டுரை முடிந்ததும் ஒரு பிரதியை நன்றிக் கடிதத்தோடு நூலகருக்கு அனுப்புங்கள், எந்தெந்த நூல் உதவியது என்று குறிப்பிட்டு.

சேப்பாக்கம் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. மாலை பேருந்து ஏறுவதற்கு முன், சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையத்தின் கீழே ஓடும் கால்வாயருகே பிள்ளைகளைப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அந்த எட்டுக் கிலோமீட்டர், 1877–78-ல் பஞ்சத்தில் பிழைக்க வந்த கூலியாட்கள் வெட்டியது. அன்றைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் அதற்கு. மூன்றாவது கேள்வியை எடுத்த நான்கு பிள்ளைகளும் அன்று பென்சிலால் எழுதிய அட்டையை அங்கே நின்று மற்ற இருபது பேருக்கும் வாசித்துக் காட்டட்டும்.